தெருத்தின்னியின் முதுகு

வாரத்துக்கு ஓர் ஊரைக் கட்டி, அதைத் தன் புருஷனிடமே கொடுத்து இடிக்கச் சொல்வதுதான் அவளுடைய வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இடுப்பளவு உயரத்தில் ஒரு கடைவீதியை, பெயர்ப்பலகை, மின்கம்பி, மொட்டைமாடியில் காயும் துணி என்று ஒன்று விடாமல் செய்து முடித்து, பசை காய்வதற்குள் அதன்மேல் ஒருவர் ரப்பர் காலை வைத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படப்பிடிப்புத் தளத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தொலைக்காட்சித் தொடரின் பெயர் 'வானமல்லன்'. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாரம் ஒரு பூதம் ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்யும். சனங்கள் அலறி ஓடுவார்கள். மஞ்சளும் நீலமுமாக ஒருவன் வானத்திலிருந்து இறங்கி, கட்டடம் உயரத்துக்கு வளர்ந்து, பூதத்தைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவான். அது வெடித்துச் சாகும். அடுத்த வாரம் வேறொரு பூதம், வேறோர் ஊர். சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பெரியவர்களும் பார்ப்பார்கள், கேட்டால், பிள்ளைக்காக உட்கார்ந்தேன் என்பார்கள்.

எல்லாப் பூதங்களுக்கும் உள்ளே இருப்பவர் ஒருவர்தான், மேஸ்திரியின் புருஷன். தளத்தில் அவருக்குப் பூதத்தார் என்று பெயர். அதில் மரியாதையும் உண்டு, கிண்டலும் உண்டு. வானமல்லனின் உடைக்குள் இருப்பவன் மேஸ்திரியின் கூடப்பிறந்த தம்பி. ஆக, வருஷக்கணக்காக ஒரு மைத்துனன் தன் அக்கா புருஷனை அடித்துக் கொண்டிருந்தான், அக்கா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறதுதான். இங்கே கேமரா இருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் இந்த விஷயம் தெரியாத பிள்ளை கிடையாது. தம்பி வந்தால் மின்தூக்கியில் அவன் கையைப் பிடிக்கப் போட்டி நடக்கும். பூதத்தார் வந்தால் எவனாவது ஒரு பொடியன் முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விட்டுவிட்டு ஓடுவான். அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, நாக்கைத் தள்ளி, இரண்டாம் மாடி வரும்வரை செத்துக் காட்டுவார். தம்பியின் படம் தண்ணீர்க் குப்பியில் இருந்தது, புத்தகப் பையில் இருந்தது, செருப்பில்கூட இருந்தது. பூதத்தாரின் படம் எதிலும் இல்லை. வாரம் ஒரு முகத்தோடு சாகிறவரின் படத்தை எதில் போடுவது?

பூத வேஷத்தில் ஒரு சங்கடம் உண்டு. அந்த ரப்பர் தோலுக்குள் போய்விட்டால் கண் தெரியாது. பூதத்தின் கண்கள் என்று நாம் பார்ப்பது வெறும் விளக்குகள். உள்ளே இருப்பவருக்குக் கழுத்தில் நாலைந்து ஊசித் துளைகள்தான். புகை போட்டுவிட்டால் அதுவும் போச்சு. அதனால் காதில் ஒரு கருவியை மாட்டி, வெளியிலிருந்து ஒருவர் மைக்கில் வழி சொல்ல வேண்டும். அவர் உள்ளிருந்து பேசுவது வெளியில் நிற்பவரின் காதுக் கருவியில் கேட்கும். ஊரின் எந்தக் கட்டடம் வெறும் மெல்லிசுப் பூச்சு, எதற்குள் இரும்புக்கம்பி இருக்கிறது, எதன் அடியில் வெடிமருந்து இருக்கிறது என்பது கட்டியவளுக்குத்தானே தெரியும்? மேஸ்திரி மேடைக்குப் பக்கவாட்டில் நின்று இடது, வலது, நில்லுங்க, மிதியுங்க என்பாள். அவர் மிதிப்பார்.

இன்னொன்று, ஜிப்பு. அது முதுகில், திமில்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். உள்ளே போனவர் தானாக வெளியே வர முடியாது. காட்சி முடிந்ததும் மேஸ்திரி போய்த்தான் அதைத் திறந்து விடுவாள். குப்பென்று ஆவி வெளியேறும். அதன் பின்னாலேயே பூதத்தாரின் முதல் வேண்டுகோளும் வரும். முதுகில் ஓரிடம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளே போன நிமிஷத்திலிருந்து அரித்துக் கொண்டே இருக்குமாம். ரப்பருக்குள் கை எப்படிப் போகும்? அவள் சொறிந்து விடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கல்யாணமான புதிதில் இவர்கள் பேசிக்கொண்ட காதல் வசனமெல்லாம் ஏறக்குறைய இந்த ஓரிடத்தைப் பற்றியதுதான்.

இப்போது ஒரு வாரமாக அந்த ஜிப்பைத் திறந்து விடுபவர் உடை அலமாரிக்காரம்மா. அவர் நல்ல பெண்மணிதான். ஆனாலும் வேற்று ஆள். முதுகை எப்படிக் காட்டுவது? பூதத்தார் கதவு நிலையில் உரசிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

நடந்தது இதுதான். போன வாரப் படப்பிடிப்பின்போது பூச்சு மாவு தீர்ந்துவிட்டது என்று மேஸ்திரி கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் தளமே மூச்சுக் காட்டாமல் இருந்தது. தம்பி ஓரமாக உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டதற்கு, மாமாவின் வால் பட்டுவிட்டது என்றான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநரின் சின்னத் திரையில் அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பூதம் சுழல்கிறது, வால் வீசுகிறது, வானமல்லனின் முட்டி மடிகிறது, பொத்தென்று விழுகிறான்.

இயக்குநர் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். தளத்தில் படுகிற அடியை ஒரு தடவை மன்னிக்கலாம். ஆனால் வானமல்லன் நொண்டினால் எந்தப் பிள்ளை நம்பும்? அடுத்த வாரமும் அந்த முட்டி தாங்கவில்லை என்றால் உடையை மாற்று ஆளுக்குத் தைத்துவிடுவதாகச் சொன்னார். மாற்று ஆள் சுவரோரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பாவம், அவரும் மூன்று வருஷமாக அப்படித்தான் நிற்கிறார். தம்பிக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூரைகளில் தாவித் திரிந்தவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து இந்த உடைக்குள் திணித்தவளே மேஸ்திரிதான். பெண் பார்த்து, பேசி முடித்து, நிச்சயம் ஆகிற நேரம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சமையலறையில் வைத்து அவரை வெளுத்து வாங்கினாள். கண் தெரியாவிட்டால் என்ன, இத்தனை வருஷப் பழக்கத்தில் வாலின் நீளம் தெரியாதா என்றாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பதில் பேசாதவரிடம் சண்டை போடுவது கொடுமை; வாய் தானாக எல்லை தாண்டிவிடும். தாண்டியது.

“உங்களுக்குப் பொறாமை. அவன் படம் எல்லாத்துலயும் இருக்கு, உங்க படம் எதுலயும் இல்ல. அதான் அடிச்சிட்டீங்க.”

அவர் கையில் இருந்த தட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அலசி, அடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. சொன்ன வார்த்தை அவளுக்கே உறுத்தியது. ஆனால் திரையில் பார்த்தது கண்ணிலேயே நின்றது. அவள் என்ன செய்வாள்?

இந்த வாரத்துப் பூதம் தெருத்தின்னி. தார்ச்சாலையை நூலிழைபோல் உறிஞ்சித் தின்னும் பிராணி. வாயில் மூன்று வரிசைப் பல், முதுகில் நாலு திமில், மேடையின் பாதியை அடைக்கிற வால். அதற்காக மேஸ்திரி ஒரு கடைவீதியைக் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, மேம்பாலம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பெரிய துணிக்கடை. துணிக்கடையில்தான் தெருத்தின்னி விழுந்து சாக வேண்டும். அதனால் அந்தக் கட்டடம் மட்டும் வெறும் அட்டையும் பூச்சும்; அடியில் மெத்தை. மற்ற இடத்தில் விழுந்தால் மேம்பாலத்தின் கம்பி விலாவில் ஏறிவிடும். புருஷன் எங்கே விழுந்து சாக வேண்டும் என்று வாராவாரம் இடம் பார்த்துப் படுக்கை போட்டு வைக்கிற பெண் உலகத்தில் இவள் ஒருத்திதான் இருப்பாள். இந்த முறை கோபத்தில் ஓர் அடுக்கைக் குறைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்த பாவத்துக்காக ஓர் அடுக்கு கூடுதலாகவே வைத்தாள்.

காலையிலிருந்து சின்னச் சின்னக் காட்சிகளாக எடுத்தார்கள். மேஸ்திரி மைக்கைத் தொடவே இல்லை. அதை ஒலிக்காரரிடம் கொடுத்துவிட்டு, காதுக் கருவியை மட்டும் மாட்டியிருந்தாள். அவள் அவர் காதருகே சொல்வாள், அவர் மைக்கில் சொல்வார். அந்த ஆளை நிற்கச் சொல்லுங்கள் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், ஒலிக்காரர், “அண்ணே, கொஞ்சம் நின்னுக்குங்கண்ணே” என்று தேனைக் குழைப்பார். மருந்துக்கடையை மிதிக்கத் துப்பில்லையா என்று கேட்கச் சொன்னாள். அண்ணே, முடிஞ்சா மருந்துக்கடையும் ஒரு மிதி என்று போனது. பூதத்தாருக்கு எது யாருடைய சொல் என்று தெரியாமலா இருக்கும்? அவர் மருந்துக்கடையைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தார்.

மதியத்துக்கு மேல் கடைசிக் காட்சி. இதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். கடைவீதி ஒன்றுதான் இருக்கிறது, இடிந்தால் இடிந்ததுதான். வெடி ஒரு தடவைதான் வெடிக்கும். அதனால் தீப்பிடித்தாலொழிய யாரும் நடுவில் நிறுத்தக்கூடாது என்பது தளத்தின் எழுதாத சட்டம். கேமராவைப் படுவேகத்தில் ஓடவிட்டுப் பிறகு படத்தை மெதுவாக்கிக் காட்டுவார்கள். அப்போதுதான் சாதாரண ஆள் மலைபோல அசைவதாகத் தெரியும்.

தம்பி முட்டியில் பட்டையைச் சுற்றி, அதன்மேல் உடையை மாட்டிக்கொண்டு வந்தான். நடந்து காட்டினான். குதித்தும் காட்டினான். அக்காவைப் பார்த்து ஒரு கட்டைவிரலை உயர்த்தினான். மேஸ்திரி பக்கவாட்டில் தன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாள். வால் மட்டும் இன்னொரு தடவை பட்டால் புருஷன் என்றும் பார்ப்பதில்லை என்று கறுவிக் கொண்டாள்.

புகை போட்டார்கள். கேமரா ஓடியது. தெருத்தின்னி மேம்பாலத்தைக் கடித்துத் துப்பியது. வானமல்லன் பாய்ந்து வந்து குத்தினான். குத்து முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போயிற்று. எப்போதும் அப்படித்தான். முன்னால் இருக்கிற கேமராவுக்கு அந்த ஒரு சாண் தெரியாது, பட்டதுபோலவே இருக்கும். யாரும் யாரையும் தொடாமல் அடித்துக்கொள்வதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. பக்கவாட்டில், மேஸ்திரி நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் மட்டும்தான் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

தெருத்தின்னி சுழன்றது. வால் வந்தது. வானமல்லனின் முட்டிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் காற்றை வெட்டிக்கொண்டு போனது. வால் தாண்டிப் போன அந்த நொடியில் முட்டி தானாகவே மடிந்தது. தம்பி பொத்தென்று விழுந்தான்.

மேஸ்திரி உறைந்துபோனாள். போன வாரம் திரையில் பார்த்தது அச்சு அசலாக இதேதான். அதே சுழற்சி, அதே மடிப்பு. முன்னால் நின்றிருந்தால் வால்தான் அடித்தது என்று இப்போதும் சத்தியம் செய்திருப்பாள். போன வாரம் இந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை; அவள் திரையில் பார்த்தது முன்பக்கம். ஊரையெல்லாம் ஏமாற்றுவதற்காகத் தானும் சேர்ந்து வருஷக்கணக்கில் செய்து வந்த அந்த முன்பக்கத்துப் பொய்யை, ஒரு பிள்ளையைப்போல் வாயைப் பிளந்துகொண்டு நம்பிவிட்டாள். நம்பியது போதாதென்று, சமையலறையில் நின்றுகொண்டு அந்த மனிதரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டாள்.

நினைக்க நேரம் இல்லை. தெருத்தின்னிக்குக் கண் தெரியாது. அது அடுத்த அடிக்குக் காலைத் தூக்கிவிட்டது. காலுக்கு நேர் கீழே தம்பி கிடந்தான். அந்த உடையோடு சேர்த்துப் பூதத்தார் இரண்டு ஆள் எடை.

ஒலிக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“காலைக் கீழ வைக்காதீங்க.”

ஒரு வாரம் கழித்து அவள் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம் அவள் காதுக் கருவியில் கேட்டது.

“அடியில தம்பி கிடக்கான். பின்னாடி வைங்க. பின்னாடி பள்ளிக்கூடம்தான், மிதிச்சிடுங்க.”

பள்ளிக்கூடம் நொறுங்கியது. அதை அவள் மூன்று நாள் உட்கார்ந்து செய்திருந்தாள், ஜன்னலுக்கு ஜன்னல் கரும்பலகை தெரியும். போகட்டும்.

“முட்டியா?” என்றார் அவர், ரப்பருக்குள்ளிருந்து.

“ஆமா.”

“தெரியும், தாங்காதுன்னு. இப்ப என்ன பண்ணணும் சொல்லு.”

இயக்குநர் வாயைத் திறப்பதை அவள் பார்த்தாள். அவர் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊரும் போயிற்று, தம்பியின் உடையும் போயிற்று. சுவரோரத்தில் மாற்று ஆள் நிமிர்ந்து நின்றுவிட்டார். மேஸ்திரி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இயக்குநரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள். அவர் திறந்த வாயோடு அப்படியே திரையைப் பார்த்தார். பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி வழி சொன்னாள். குனியச் சொன்னாள், இன்னும் குனியச் சொன்னாள், இரண்டு கையாலும் அவன் அக்குளைப் பிடிக்கச் சொன்னாள். தெருத்தின்னி குனிந்து, விழுந்து கிடந்த வானமல்லனை நகங்களால் கவ்வித் தூக்கியது. முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால், நடக்க முடியாத ஒருவனை ஒருவர் தாங்கிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் துணிக்கடை தூரத்தில் இருந்தது. அவர்கள் நின்றது மேம்பாலத்துக்குப் பக்கத்தில். அங்கேயே விழலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், கம்பி இருக்கிறது, கிழித்துவிடும் என்றாள். தம்பிக்கோ ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அப்போது பூதத்தார் தம்பியிடம் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. தன் பாதத்தின்மேல் ஏறி நின்றுகொள்ளச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தெருத்தின்னியின் பாதம் ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். தம்பி இரண்டின்மேலும் ஏறி நின்றான். ரப்பர் நெஞ்சைக் கட்டிக்கொண்டான்.

அப்படியே போனார்கள். மைத்துனனைப் பாதத்தில் சுமந்துகொண்டு, கண் தெரியாத அந்த மனிதர், பெண்டாட்டி காதில் சொன்ன வழியே ஒரு கடைவீதியைக் கடந்தார். வலது பக்கம் திரும்பச் சொன்னபோது திரும்பினார். கம்பம் இருக்கிறது, தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள் என்றபோது சாய்த்துக்கொண்டார். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள் சொல்கிறாளே, இது சரியாக இருக்குமா என்று ஓர் அடியில்கூட அவர் தயங்கவில்லை.  

“வந்துட்டீங்க. அவன் முதுகுக்குப் பின்னாடி துணிக்கடை. அவன் தோள்மேல சாஞ்சு, நீங்களே எகிறிக் குதிங்க. அவன் தூக்கற மாதிரி இருக்கட்டும்.”

“மெத்தை இருக்கில்ல?”

“ஒரு அடுக்கு கூடவே இருக்கு.”

உள்ளே அவர் சிரித்தது கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி எகிறியதோ, தெருத்தின்னி வானமல்லனின் தோளுக்கு மேல் கரணம் அடித்து, துணிக்கடையின் ஒன்பது மாடியையும் பிளந்துகொண்டு விழுந்தது. மேஸ்திரி வெடிக்காரருக்குக் கையசைத்தாள். வெடித்தது. தூசு, தீப்பொறி, பறக்கிற துணிமணிகள். அந்தத் துணிமணிகளையும் ஒவ்வொன்றாக அவள்தான் கத்தரித்துச் செய்திருந்தாள்.

புகை விலகியபோது வானமல்லன் நின்றுகொண்டிருந்தான். வலிக்கிற காலைத் தரையில் ஊன்ற முடியாமல் அதைத் தூக்கிச் செத்துக்கிடந்த பூதத்தின் முதுகின்மேல் வைத்துக்கொண்டான். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஒரு கையை உயர்த்தினான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கம்பீரமான நிற்பை அந்தத் தொடர் பார்த்ததில்லை.

காட்சி முடிந்தது என்று இயக்குநர் சொன்னதும் தளம் கைதட்டியது. மேஸ்திரி கைதட்டவில்லை. நேராகப் போய்த் தம்பியின் தலைக்கவசத்தைக் கழற்றினாள். அவன் எப்படி முழித்தான் என்பதைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது. மீதியை அவனே ஒப்பித்தான். நிச்சயம் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டில், அவள் அக்காள் பிள்ளைகள் நிஜ வானமல்லன் என்றால் பறந்து காட்டச் சொன்னார்களாம். மாடிப்படியின் பாதியிலிருந்து இவன் பறந்து காட்டினானாம். இறங்கின இடத்தில் முட்டி மடக்கென்றதாம். வெளியில் குதித்துக் கால் உடைந்தால் அன்றைக்கே உடை போய்விடும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. தளத்தில் பட்ட அடி என்றால் பிழைத்துக்கொள்ளலாம். அதனால் போன வாரம் முட்டி மடிந்து விழுந்ததும் வால்மேல் பழியைப் போட்டான். மாமாவின் காலைப் பிடித்து, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான்.

“மாமா ஒண்ணுமே சொல்லலக்கா. சரிடான்னு மட்டும் சொன்னாரு.”

அவனுக்கு இரண்டு வைக்கலாம் என்று ஓங்கிய கை, முட்டியின் வீக்கத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. அவனை ஒரு பெட்டியின்மேல் உட்கார வைத்துவிட்டு இயக்குநரிடம் போனாள். முட்டி போய்விட்டது, இரண்டு வாரமும் வால் படவே இல்லை, மாடிப்படியில் குதித்திருக்கிறான் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். தம்பிக்கு வேலை போனாலும் போகட்டும், இனி ஒரு நிமிஷம்கூட அந்தப் பழி தன் புருஷன் தலையில் இருக்கக்கூடாது என்றாள். சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

இயக்குநர் பதிவான காட்சியை மெதுவாக ஓடவிட்டார். நெருப்புக்கும் புகைக்கும் நடுவே இரண்டு மலைகள் கட்டிப் புரண்டுகொண்டு ஓர் ஊரைக் கடந்தன. அவர் அதை இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தார். பிறகு நீண்ட பெருமூச்சு விட்டு, நொண்டுகிறவனை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எதை எடுப்பது என்று கேட்டார். பனிப்பூதம் ஒன்றை வரவழைத்து வானமல்லனைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துவிடலாம் என்றாள் மேஸ்திரி. கட்டியைத் தான் செய்து தருவதாகவும், உள்ளே ஒரு முக்காலியைப் போட்டுத் தம்பியை உட்கார வைத்துவிடலாம், தலையும் தோளும் மட்டும் தெரிந்தால் போதும் என்றும் சொன்னாள். இயக்குநர் யோசித்தார். மூன்று வாரம் உறையட்டும், அதற்குள் முட்டி சரியானால் உடை அவனுக்கு, இல்லையென்றால் மாற்று ஆளுக்கு, அதற்குமேல் தன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றார். மேஸ்திரி கேட்கவில்லை. மாற்று ஆள் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் எல்லோரும் ஒருவரை மறந்துவிட்டார்கள். துணிக்கடையின் இடிபாட்டில் தெருத்தின்னி இன்னும் குப்புறக் கிடந்தது. உடை அலமாரிக்காரம்மா அதை நோக்கி நடந்து கொண்டிருந்தார். மேஸ்திரி ஓட்டமாக ஓடி, அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை நிறுத்தினாள். அந்தம்மா ஒன்றும் கேட்காமல், சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மெத்தையின்மேல் மண்டியிட்டு, திமில்களுக்கு நடுவே கையை விட்டாள். மூன்றாவது திமிலில் ஜிப்பு எப்போதும் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் கீழே இழுத்துப் பிறகு மேலே ஏற்ற வேண்டும். அது தெரிந்த கை எது என்று உள்ளே இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீயா?” என்றார்.

“நான்தான்.”

ஜிப்பு இறங்கியது. குப்பென்று ஆவி வந்தது. வியர்வையில் நனைந்து ஒட்டிய பனியனும், கலைந்த முடியும், சிவந்த காதுமாக அவர் தெரிந்தார். எழுந்திருக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

“பொறாமைன்னு சொல்லிட்டேன்.”

“சொன்னே.”

“காதுல விழுந்துச்சா?”

“வீட்டுல நான் பூதத் தலைய மாட்டிக்கிட்டு இருக்கறது இல்லையே.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தான் அப்படியெல்லாம் பேசியிருப்போமா என்று கேட்டாள். 

“சொன்னா அவனத் திட்டுவே. அவன் உடைஞ்சிருவான், பையன் எப்பவும் ஜெயிச்சே பழகினவன். எனக்குன்னா வாராவாரம் சாகறதுதானே வேலை. இன்னொரு தடவை செத்தா என்னன்னு நெனச்சேன்.” பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். “ஆனா இந்தத் தடவை கொஞ்சம் வலிச்சுது.”

  மன்னிப்பு என்ற வார்த்தை இருக்கத்தான் செய்கிறது; புருஷன் பெண்டாட்டிக்குள் அதை எந்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பனியனுக்குள் விட்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சொறிந்து விட்டாள்.

பூதத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

“கொஞ்சம் மேல,” என்றார். அவள் கை மேலே போனது. “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.” கை இடது பக்கம் போனது. “நில்லு. அங்கதான்.”

அவள் கை அங்கேயே நின்றது.